சந்தைப் பொடி

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். ஊருக்கே தெரியும், என் மனைவிக்கு இன்னும் நன்றாகத் தெரியும். தப்பு என் பக்கம் இருக்கும் நேரத்தில்தான் அது அதிகமாக வரும் என்பது மட்டும் நான் வெளியே சொல்லாத சங்கதி. இதை முதலிலேயே சொல்லிவிட்டால் மீதியைச் சொல்வது சுலபம் என்று நினைத்தேன். என்ன சுலபம்! இருபது வருடத்துக்கு மேலாக இதைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறக்காதவன் நான்.

தொண்ணூறுகளில் கோவில்பட்டியில் மாட்டுத் தீவனக் கடை வைத்திருந்தேன். பருத்திக்கொட்டை, கடலைப் புண்ணாக்கு, தவிடு, உளுந்தம் பொட்டு இதெல்லாம் எல்லாக் கடையிலும் கிடைக்கும். என் கடையில் மட்டும் கிடைத்தது என் தீனிப் பொடி. ஓமம், சுக்கு, வெந்தயம், மஞ்சள், கடுக்காய் எல்லாவற்றையும் காயவைத்து இடித்து நானே கலப்பேன். உழுது உழுது ஓய்ந்து, கடைசியில் கறிக்கு என்று விற்கப்பட்ட மாடு லேசில் தீனி எடுக்காது. எலும்பும் தோலுமாகத் தலையைத் தொங்கப் போட்டு நிற்கும். தவிட்டில் இந்தப் பொடியை ஒரு கை போட்டுப் பிசைந்து வைத்தால் நாலாம் நாள் தொட்டியை நக்கும். இரண்டு மாதத்தில் முதுகெலும்பு சதைக்குள் போய்விடும். இதில் பொய்யே கிடையாது, அந்தப் பொடிக்காக நான் இன்றைக்கும் வெட்கப்படவில்லை.

ஊசி போட்டும் யூரியா கலந்தும் மாட்டைத் தேற்றுகிறார்கள் என்று ஜனங்கள் பயந்துகிடந்த காலம் அது. நான் கடை வாசலில் பச்சைப் பெயிண்டில் 'முழுக்க முழுக்க இயற்கை' என்று எழுதிப் போட்டேன். எழுதிய பிறகு எனக்குத் தலைகால் புரியவில்லை. யாராவது பக்குவம் கேட்டால், "அது கைராசி வே, சொன்னாலும் ஒமக்கு வராது" என்பேன். பொடி கலக்கும்போது கடைப் பையனைக்கூடக் கோடவுனுக்குள் விடமாட்டேன். நான் மட்டும் கதவைச் சாத்திக்கொண்டு கலப்பேன்.

வெட்கப்பட வேண்டிய பொடி இன்னொன்று இருந்தது. சந்தைப் பொடி என்று பெயர் வைத்திருந்தேன். சந்தைக்கு முந்தின நாள் காலையில் மாட்டுக்கு ஒரு பெரிய பொட்டலம் கொடுக்க வேண்டும். அதில் முக்கால்வாசி உப்பு, மீதி ஓமமும் தவிடும். தின்ற மாட்டுக்குத் தாகம் பிடுங்கும், குடம் குடமாகத் தண்ணீர் குடிக்கும். மறுநாள் சந்தையில் விலா எலும்பு தெரியாமல் வயிறு புடைத்து நிற்கும். மலையாளத்திலிருந்து கறிக்கு மாடு பிடிக்க வரும் வியாபாரிகள் கண்ணாலேயே எடை போட்டு வாங்குவார்கள். அவர்கள் லாரியில் ஏற்றிக்கொண்டு போனதில் பாதி தண்ணீர். மாடு விற்கிற எல்லோரும் ஏதோ ஒரு வழியில் உப்பு வைத்தவர்கள்தான், ஆனால் அதற்குப் பொட்டலம் கட்டிப் பேர் வைத்தவன் நான். இதையும் இயற்கை என்றுதான் விற்றேன். "குளத்தூர் உப்பளத்து உப்பு, கடல் குடுத்தது. அதவிட என்ன இயற்கை வேணும் ஒமக்கு?" என்று எகத்தாளம் வேறு பேசுவேன்.

கழுகுமலை ரோட்டில் ஒரு பாய் மாட்டுத்தொழு வைத்திருந்தார். ஓய்ந்த மாடுகளை வாங்கி, தேற்றி, சந்தையில் விற்பது அவர் தொழில். அதிர்ந்து பேசாத மனுஷன். என் பொடிக்கு முதல் வாடிக்கை அவர்தான். என்னை வைத்தியர் அளவுக்கு நம்பினார். ஒரு மாடு லேசாக இருமினாலும், "அண்ணாச்சி, ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்களேன்" என்று ஆளனுப்புவார். நானும் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு போய், மாட்டின் வாயைத் திறந்து பார்த்து, ஏதாவது சொல்லிவிட்டு வருவேன். பாதி தெரிந்து சொல்வேன், பாதி வாய்க்கொழுப்பில் சொல்வேன்.

உண்மையில் மாடு தெரிந்தவர் அந்தத் தொழுவில் வேலை பார்த்த அக்கா. பசுவந்தனைப் பக்கத்துக்காரர். புருஷன் போன பிறகு மகளைக் கூட்டிக்கொண்டு கழுகுமலைக்கு வந்தவர். என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், இருந்தாலும் கடைக்காரன் என்பதால் என்னை அண்ணாச்சி என்றுதான் கூப்பிடுவார். இப்போது 'அவர்' என்று எழுதுகிறேன். அந்த நாளில் 'அவ' என்றுதான் சொன்னேன். அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து கழிச்சல், வயிற்று உப்புசம் என்று மாட்டை ஓட்டிக்கொண்டு அவரைத் தேடி வருவார்கள். அவர் மாட்டின் காதைத் தொட்டுப் பார்ப்பார், சாணியைக் குச்சியால் கிண்டிப் பார்ப்பார், பிறகு சொல்வார். தப்பியதே இல்லை. இன்னொரு பழக்கமும் உண்டு. எந்தத் தீனி வந்தாலும் ஒரு சிட்டிகை தன் நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் மாட்டுக்கு வைப்பார். ஒருமுறை நான்கூடக் கேலி செய்தேன், "என்ன யக்கா, மாட்டுக்கு முன்னால நீங்க சாப்புடுதீங்க" என்று. "அதுகளால வாயத் தொறந்து நல்லாருக்கு நல்லால்லன்னு சொல்ல முடியாதுல்லா அண்ணாச்சி" என்றார்.

அந்த வருடம் கோடை மழை நன்றாகப் பெய்தது. ஒருநாள் அந்த அக்கா கடைக்கு வந்து, கன்றுக்குட்டிக்குக் கட்டுகிற கயிறு இரண்டு கேட்டார். முகமெல்லாம் சிரிப்பு. விஷயம் இதுதான்: வருகிற சந்தை முடிந்ததும் இரண்டு காளைக்கன்றுகளை அவர் பொறுப்பில் விடுவதாக பாய் சொல்லியிருந்தார். அக்கா தன் வீட்டு வாசலிலேயே கட்டி வளர்த்துக்கொள்ளலாம், விற்கிறபோது ஆளுக்குப் பாதி. "பொறந்ததுலேருந்து அடுத்தவன் மாட்டத்தான் மேச்சிருக்கேன். எம் வாசல்ல எனக்குன்னு ஒரு மாடு நின்னதே இல்ல. கன்னு கட்டத் தறி ஊனிட்டேன் அண்ணாச்சி, தொட்டிகூட வாங்கிப் போட்டுட்டேன்" என்றார். "கன்னு வரதுக்கு முன்னாலயே தொட்டியா?" என்று நான் சிரித்தேன். அவரும் சிரித்தார்.

அதே வாரம்தான் என் சிநேகிதன் வந்தான். அவனுக்குச் சின்னதாகத் தீப்பெட்டி ஆபீஸ் இருந்தது. எங்கள் ஊரில் தீப்பெட்டித் தொழிற்சாலையை ஆபீஸ் என்றுதான் சொல்வோம்.

"மாப்ள, சோதனைக்கு ஆள் வாராங்களாம். அனுமதிச்ச அளவுக்கு மேல ரெண்டு மூட குளோரேட் கெடக்கு. ரெண்டு நாளைக்கு ஒன் கோடவுன்ல போட்டுக்கிடுதேன்."

குளோரேட் என்பது தீக்குச்சியின் தலையில் வைக்கும் மருந்துக்குப் போடுகிற பொருள். வெள்ளை வெளேரென்று இருக்கும். பொடி உப்புக்கும் அதற்கும் பார்வைக்கு வித்தியாசம் தெரியாது. அதை மாட்டுத் தீவனம் இருக்கிற இடத்தில் வைக்கலாமா என்று நான் ஒரு நிமிடம்கூட யோசிக்கவில்லை. தீப்பெட்டி ஊரில் பிறந்து வளர்ந்தவர்களுக்கு அதெல்லாம் பருப்பு மூட்டை மாதிரி. "தீப்பொறி படாம பாத்துக்கோ, அது போதும்" என்று சொல்லிவிட்டு அவன் போனான். பேர் எழுதாத வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்கு இரண்டு. என் உப்பு மூட்டையும் வெள்ளைப் பிளாஸ்டிக் சாக்குதான். சுவரோரமாக மூன்றும் பக்கத்தில் பக்கத்தில் நின்றன. இரண்டு நாள் என்றவன் நாலைந்து நாளாகியும் எடுத்துப் போகவில்லை.

சந்தைக்கு இரண்டு நாள் முந்தி பாய் ஆறு பொட்டலம் சந்தைப் பொடிக்குச் சொல்லி அனுப்பினார். அன்று கரண்ட் இல்லை. புண்ணாக்கு லாரிக்காரனோடு வாசலில் சண்டை போட்டுவிட்டு, அந்தக் கோபத்தோடேயே கோடவுனுக்குள் போனேன். அரை இருட்டு. வெள்ளைச் சாக்கு ஒன்றின் வாயை அவிழ்த்துப் படியால் அள்ளினேன். ஓமத்தையும் தவிட்டையும் போட்டுக் கிளறினேன். நாக்கில் வைத்துப் பார்க்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஏழு பொட்டலம் வந்தது. ஆறைக் கொடுத்தனுப்பிவிட்டு ஒன்றைக் கல்லாப்பெட்டிக்கு அடியில் போட்டுவைத்தேன்.

சந்தைக்கு முந்தின நாள் சாயங்காலம் நாலு மணி இருக்கும். பாய் தன் மொபெட்டை வாசலில் சாய்த்துவிட்டு ஓடிவந்தார். ஸ்டாண்டுகூடப் போடவில்லை.

"அண்ணாச்சி, மாடெல்லாம் ஒண்ணொண்ணா விழுதுய்யா. மாட்டாஸ்பத்திரிக்கு ஆள் போயிருக்கு, டாக்டர் வேற ஊருக்குப் போயிட்டாராம். நீங்க வாங்க."

போனேன். இரண்டு மாடு ஏற்கெனவே செத்துக் கிடந்தன. இரண்டு விழுந்து மூச்சு வாங்கிக்கொண்டிருந்தன. மீதி இரண்டு பொடியைப் பாதியில் விட்டவை, கால் நடுங்க நின்றன. அந்த அக்கா விழுந்த மாட்டின் தலையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். நான் அதன் உதட்டைத் தூக்கிப் பார்த்தேன். ஈறு காப்பி டிக்காஷன் நிறத்தில் இருந்தது. அப்படி ஒரு நிறத்தை நான் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. எனக்கு ஒன்றுமே புரியவில்லை. ஆனால் பாய் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். தொழுவைச் சுற்றிப் பத்துப் பேர் வேறு கூடிவிட்டார்கள். தெரியவில்லை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

கரிசல் காட்டில் ஒரு விஷயம் எல்லோருக்கும் தெரியும். சோளம் அறுத்த கட்டையில் கோடை மழைக்குப் பிறகு குருத்து தழையும். பார்க்கப் பச்சைப்பசேலென்று இருக்கும், மாடு கடித்தால் விஷம். தொழுவிலிருந்து கண்மாய்க்குத் தண்ணீர் காட்டப் போகிற வழியில் அப்படித் தழைத்த சோளக்காடு ஒன்று இருந்தது.

"சோளக்குருத்துதான். வேற என்ன?" என்றேன். "தண்ணி காட்டப் போனப்ப மேஞ்சிருக்கு."

அந்த அக்கா நிமிர்ந்தார். "இல்ல அண்ணாச்சி. கவுத்தக் கையில பிடிச்சுத்தான் கூட்டிட்டுப் போனேன். ஒரு வாய்கூட வைக்கல. சோளக்குருத்துன்னா நின்ன நெலயில விழுந்துரும்லா? இது காலையில பொடி தின்னதுக்குப் பெறகு மெல்ல மெல்லல்லா மயங்குச்சு." பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "பொடியும் இன்னைக்கு ஒரு தினுசா இருந்துச்சு. நாக்குல வச்சேன், உப்புக் கரிக்கல. குளுகுளுன்னு இருந்துச்சு. வைக்கலாமா வேண்டாமான்னு யோசிச்சேன். அண்ணாச்சி கைப் பொடியாச்சேன்னு வச்சேன்."

அந்த நிமிடம் எனக்கு உண்மை தெரியாது. சத்தியமாகத் தெரியாது. ஆனால் கோபம் மட்டும் முந்திக்கொண்டு வந்தது.

"ஏ பொம்பள, மாட்டச் சோளத்துல மேயவிட்டுட்டு எம் பொடிமேல பழி போடுதியா? எத்தன வருசமா குடுக்குதேன்! ஒன் நாக்கு என்ன ஆஸ்பத்திரி மிசினா? பராக்குப் பாத்துட்டு நின்னிருப்ப, இப்ப எனக்கே பாடம் நடத்த வந்துட்ட!"

கூட்டத்தில் யாரோ, "சோளந்தான், சோளந்தான். எங்க சின்னையா மாடும் இப்பிடித்தான் போச்சு" என்றார்கள். அந்த அக்கா மடியில் இருந்த தலையைத் தடவிக்கொண்டே இருந்தார். வெயில் தாழ்வதற்குள் விழுந்த இரண்டும் செத்துப்போயின. டாக்டரை மறுநாள் வரவழைத்து அறுத்துப் பார்க்கலாமா என்று பாய் கேட்டார். "அறுத்துப் பாத்தா எந்திரிச்சு நிக்கவா போகுது?" என்றேன் நான். தானாகச் செத்ததைக் கறிக்குக் கொடுக்கக் கூடாது என்று சொல்லி பாய் குழி வெட்டச் சொன்னார். நாலு மாட்டுக்கும் ஒரே குழி.

மறுநாள் காலை கடை திறந்ததும் நேராகக் கோடவுனுக்குப் போனேன். கதவை அகலத் திறந்து வெளிச்சத்தில் பார்த்தேன். என் உப்பு மூட்டையின் வாயில் மில்லில் போட்ட தையல் பிரியாமல் அப்படியே இருந்தது. வாய் அவிழ்ந்து கிடந்தது சிநேகிதன் போட்டுவிட்டுப் போன சாக்கு.

அப்போதும் நம்ப மனசு வரவில்லை. கல்லாவுக்கு அடியில் கிடந்த ஏழாவது பொட்டலத்தை எடுத்துக்கொண்டு பின்கட்டில் இருந்த வீட்டுக்குப் போனேன். மனைவி விறகடுப்பில் வெந்நீர் வைத்திருந்தாள். ஒரு சிட்டிகை எடுத்துக் கங்கில் போட்டேன். உப்பென்றால் படபடவென்று வெடிக்கும். இது புஸ்ஸென்று சீறி வெளுத்த ஊதா நிறத்தில் எரிந்தது. அந்தச் சீறலைத் தீப்பெட்டி ஊர்க்காரனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

"என்னத்தப் போட்டீங்க அதுல?" என்றாள் மனைவி.

"ஒண்ணுமில்ல. ஒன் சோலியப் பாரு."

பொட்டலத்தை வாய்க்காலில் கொட்டினேன். சிநேகிதனை வரச்சொல்லி இரண்டு மூட்டையையும் உடனே எடுத்துப் போகச் சொன்னேன். "ஒரு மூட வாய் அவுந்திருக்கே மாப்ள, கொறஞ்சிருக்க மாதிரி தெரியுது" என்றான். "எலி" என்றேன். அவன் என்னை ஒருமாதிரி பார்த்தான். குளோரேட் தின்கிற எலி எந்த ஊரில் இருக்கிறது? ஆனால் அவனுக்கும் கேட்கப் பயம், எனக்கும் சொல்லப் பயம். அவன் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான்.

அன்று மத்தியானமே கழுகுமலை பஸ் ஏறினேன். பாயிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்துதான் ஏறினேன். 'பாய், என் தப்பு. சாக்கு மாறிப்போச்சு.' இதைச் சொல்ல எவ்வளவு நேரமாகும்? பஸ்ஸில் உட்கார்ந்து உதட்டுக்குள்ளேயே பத்துத் தடவை சொல்லிப் பார்த்தேன்.

பாய் தொழு வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். என்னைக் கண்டதும் எழுந்து கையைப் பிடித்துக்கொண்டார்.

"நேத்து நீங்க மட்டும் வரலன்னா நான் ஒங்க பொடியத்தான் சந்தேகப்பட்டிருப்பேன் அண்ணாச்சி. அல்லா காப்பாத்துனான், ஒரு நல்ல மனுசன்மேல வீண்பழி போடாம. அந்தப் பொம்பளய இனி தொழுப் பக்கம் வர வேண்டாம்னு சொல்லிட்டேன். மாடு செத்ததுக்குக்கூட இல்ல அண்ணாச்சி, தப்புன்னு ஒத்துக்கிட்டிருந்தா நான் வச்சிருப்பேன். பொய் சொல்லுதால்லா, அதத்தான் பொறுக்க முடியல."

டீ வந்தது. குடித்தேன். போலீஸ் வரும், ஒளித்துவைத்த மருந்துக்கு சிநேகிதனும் நானும் உள்ளே போவோம், கடையைப் பூட்டிவிடுவார்கள் என்று எனக்குள் ஆயிரம் காரணம் ஓடியது. அத்தனையும் காரணம்தான், நிஜம் வேறு. 'ஒரு நல்ல மனுசன்' என்று அவர் சொன்னது எனக்குப் பிடித்திருந்தது. அதை அவர் வாயாலேயே மாற்றிச் சொல்லக் கேட்கிற தெம்பு எனக்கு இல்லை. "அவ பொழச்சுப் போறா, விடுங்க பாய்" என்று பெருந்தன்மையாக ஒரு வார்த்தை சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன். சீ, நானெல்லாம் ஒரு மனுஷன்!

காளைக்கன்று அந்த அக்காவுக்குக் கிடைக்கவில்லை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை. அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை. 'நாலு மாட்டக் கொன்னவ' என்று பேர் ஊர் ஊராகப் பரவியது. கழிச்சல் மாட்டை ஓட்டிக்கொண்டு அவர் வாசலுக்கு யாரும் போகவில்லை. மேய்க்கக்கூட ஒருவரும் மாடு விடவில்லை. அவர் தீப்பெட்டி ஒட்டும் வேலைக்குப் போய்விட்டார் என்று கேள்விப்பட்டேன். ஒருதடவை கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டில், தலையில் தீப்பெட்டிக் கட்டோடு அவர் நடந்து வருவதைப் பார்த்தேன். நான் ஒரு பஸ்ஸுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். கண்டக்டர், "சார், சங்கரன்கோவிலா? ஏறுங்க" என்றார். அவர் தாண்டிப்போகும் வரை நான் அங்கிருந்து நகரவில்லை.

சந்தைப் பொடியை அதோடு நிறுத்தினேன். மனசு உறுத்தி நிறுத்தினேன் என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. பயத்தில்தான் நிறுத்தினேன். மற்றப் பொடியை எப்போதும்போல விற்றேன். வாசலில் பச்சை எழுத்து வெயிலில் வெளுத்தபோது வேறு ஆளை வைத்துப் புதிதாக எழுதவும் செய்தேன்.

ஏழெட்டு வருடம் போயிற்று. ஒருநாள் காலையில் கல்லாவில் உட்கார்ந்திருக்கிறேன். தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கும் கல்யாணப் பத்திரிகையுமாக அந்த அக்கா வாசலில் வந்து நின்றார். தலை நரைத்திருந்தது. விரல் நுனியெல்லாம் பசை காய்ந்து வெடித்திருந்தது.

"மவளுக்குக் கல்யாணம் அண்ணாச்சி. நீங்க கண்டிப்பா வரணும்."

உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார்.

"ரொம்ப நாளா ஒங்களப் பாக்கணும்னு நெனச்சேன். மொகத்துல முழிக்க வெக்கமா இருந்துச்சு. நல்ல காரியம் நடக்கப் போகுது, மனசுல ஒண்ண வச்சுக்கிட்டு எப்பிடி நடத்த? பாய்கிட்டயும் போய்ச் சொல்லிட்டேன்."

"என்னத்தச் சொன்னீங்க?" என்றேன்.

"அன்னைக்கு நான் சொன்னது பொய்யில்ல அண்ணாச்சி, எனக்கு அப்ப தெரியல. கவுத்த விடவே இல்லன்னுதான் நெனச்சேன். பெறவு எல்லாரும் சொல்லச் சொல்ல யோசிச்சுப் பாத்தேன். யோசிச்சு யோசிச்சு ஒருநாள் ஞாபகம் வந்துட்டு. கண்மாய்க் கரையில வெத்தல போடுறதுக்கு நின்னேன். மடியத் தொறந்து எடுத்து, நரம்பக் கிள்ளி… அந்தக் கொஞ்ச நேரத்துலதான் மேஞ்சிருக்கும். வேற எப்ப? நாலு உசுரு. எங் கையால தீனி தின்னதுக. அதுக்கப்பறம் நான் ஒரு ஆட்டுக்குட்டிகூட வளக்கல. எங் கை மாட்டுக்கு ஆவாது அண்ணாச்சி."

நான் வாயைத் திறந்தேன். அவர் கையை உயர்த்தி, இன்னும் முடியவில்லை என்பதுபோல நிறுத்தினார்.

"அதுகூடப் பெருசில்ல. என் தப்ப மறைக்க ஒங்க பொடிமேல பழி போட்டேன் பாத்தீங்களா. உப்புக் கரிக்கல, குளுகுளுன்னு இருக்குன்னு. எத்தன பேரு நின்னாங்க அங்கன! பத்து ஊருக்குப் பொடி குடுக்குற மனுசன். ஒங்க பேரு கெட்டிருந்தா? நீங்க ஏசுனதுல ஒரு தப்பும் இல்ல. எம் நாக்குல என்னமோ கோளாறு அன்னைக்கு. நீங்க மனசுல வச்சுக்காம மன்னிச்சுரணும்."

கடையில் வேறு யாரும் இல்லை. என் மனைவி உள்ளே இருந்தாள். தெருவில்கூட ஆள் நடமாட்டம் இல்லை. இதைவிட வசதியாக ஒரு நேரம் எனக்குக் கடவுள் தரமாட்டார். 'யக்கா, ஒங்க நாக்கு சொன்னதுதான் நெசம். நீங்க வெத்தல போட நிக்கவே இல்ல. அது நான் ஒங்க தலைக்குள்ள ஏத்துனது.' அத்தனை சொற்களும் தொண்டை வரைக்கும் வந்தன. சொல்லியிருந்தால் அந்தப் பெண்மணிக்கு அவர் கை திரும்பக் கிடைத்திருக்கும்.

"அதப் போய் இன்னும் நெனச்சுக்கிட்டா இருக்கீங்க? நான் அன்னைக்கே மறந்துட்டேன் யக்கா" என்றேன். "மன்னிச்சுட்டேன், போதுமா? மனசப் போட்டு அலட்டாம கல்யாண வேலையப் பாருங்க."

அவர் கண் நிறைந்துவிட்டது. தாம்பாளத்தைக் கல்லாமேல் வைத்துவிட்டு இரண்டு கையாலும் கும்பிட்டார். "ஒங்க மனசு யாருக்கும் வராது அண்ணாச்சி" என்றார். நான் பத்திரிகையை எடுத்துப் பிரித்து, மாப்பிள்ளைக்கு என்ன வேலை என்று விசாரித்தேன்.

கல்யாணத்துக்கும் போனேன். பாயும் வந்திருந்தார். அந்த அக்கா எங்கள் இரண்டு பேரையும் முதல் பந்தியில் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து, தானே என் இலைக்கு முன்னால் நின்று, "அண்ணாச்சிக்கு இன்னும் கொஞ்சம் பாயாசம் ஊத்துங்கப்பா" என்று பரிமாறுகிறவரை விரட்டிக்கொண்டிருந்தார். போதும் என்று நான் கையைக் குறுக்கே வைத்தேன். அவர் விடவில்லை. ஊற்றியது அவ்வளவையும் நான் குடித்தேன்.